பிளக் குழியில் ஊற்றிய ரப்பர் பால்

காரின் பிளக் குழிகளில் ரப்பர் பாலை ஊற்றியவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது. ரப்பர் தோட்டம். என் மனைவி மரங்களில் பால் வெட்டுகிறாள். நான் ஸ்டோரில், அதாவது பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் தொழிற்சாலையில், மெஷினில் நிற்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் என்னால் பேச முடியாது. கடையில் சாமான் கேட்கவே இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். அதனால்தானோ என்னவோ, மெஷின்களோடு எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு. அவை பதில் கேட்பதில்லை.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது எங்களிடம் விட்டுச் சென்ற பழைய ஜப்பான் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கார் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். அந்தப் பெருமையை நான் வெளியில் காட்டியதில்லை. ஆனால் அது உள்ளே இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன முறை மகள் பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். கணிதப் பரீட்சை அன்று விடியவே கொட்டு மழை. முதல் பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பதால் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பாதி இறக்கத்தில், வளைவு ஒன்றில், கார் இருமி இருமி நின்றது. பானட்டுக்குள் தண்ணீர் இறங்கி, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகள் நிரம்பியிருந்தன. என் சட்டையைக் கழற்றி ஒற்றி எடுத்தேன். எடுக்க எடுக்க நிரம்பியது. கடைசியில் மரக்கட்டை ஏற்றி வந்த லொறி ஒன்றை மறித்து அவளை அனுப்பினேன். அரை மணித்தியாலம் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். அவள் இருபத்தைந்து நிமிடம் பிந்தி, நனைந்த சீருடையோடு போய் உட்கார்ந்தாள். கை நடுங்கியதில் பேனாவையே பிடிக்க முடியவில்லை என்று அன்று இரவு அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தியடைந்துவிட்டாள். கணிதம் மட்டும் இல்லை. கணிதம் இல்லாமல் அவள் நினைத்த, நர்ஸாவதற்கான தாதிப் படிப்பு இல்லை. ஒரு வருடமாக வீட்டில் இருந்து அந்த ஒரு பாடத்தையே படித்தாள்.

அந்த முடிவு வந்த வாரத்தில்தான் நான் பாலை ஊற்றினேன்.

பசார் கராஜிலிருக்கும் சிங்கள மெக்கானிக் பாஸிடம் முன்பே காட்டியிருந்தேன். பிளக் மூடியின் சீல்களை மாற்றினால் போதும், "மொனவத் தான்ன எப்பா" என்றார். எதையும் போட்டுவிடாதே என்று அர்த்தம். ஆனால் சீல் வருவதற்கு நாள் எடுக்கும் என்றார். எனக்கோ பொறுமை இல்லை. எங்கள் ஊரில் செருப்பு அறுந்தால் பால், கூரைத் தகரத்தில் ஓட்டை என்றால் பால், பிள்ளைகளின் பந்தில் காற்றுப் போனாலும் பால்தான். மழைக்காலத்தில் ஒவ்வொரு ரப்பர் மரத்துக்கும் பொலித்தீன் பாவாடை கட்டி, வெட்டுப்பட்டையில் தண்ணீர் இறங்காமல் காக்கிறோம். மரத்துக்கே மழையைத் தடுக்கத் தெரிந்தவனுக்கு இந்த நாலு குழிகளா பெரிது என்று நினைத்தேன். ஸ்டோரிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பால் கொண்டுவந்து, பிளக் கேப்புகளைச் சுற்றி நாலு குழிகளிலும் ஊற்றினேன். வெள்ளையாக நிரம்பி, மறுநாளே மஞ்சளாக இறுகியது. அந்த வருடம் எத்தனை மழை பெய்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இந்த முறை கணிதப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பசாரிலிருந்து ஏறி வரும்போது கார் நொண்டத் தொடங்கியது. நாலு சிலிண்டரில் ஒன்று அடிக்கவில்லை. சிறிது தூரம் போனதும் இரண்டு. ஏற்றத்தில் முதலாம் கியரில்கூட மூச்சு வாங்கியது.

சனிக்கிழமை பாஸைத் தேடிப் போனேன். கராஜ் பூட்டியிருந்தது. ரம்புக்கனையில் அவருடைய வீட்டில் பிக்குகளுக்கு ஒரு தானமாம், செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். பக்கத்தில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் நாலு புதுப் பிளக் வாங்கினேன். நீளமான பிளக் ஸ்பேனர் ஒன்றையும் இரவல் தந்தார்.

"எஞ்சின் நல்லா ஆறின பொறகு கழட்டுங்க. சூட்டோட கழட்டினா மரை போயிரும். இறுக்கமா இருந்தா முறுக்க வாணாம், கொஞ்சம் எண்ணெ விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி எடுங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "வேற ஏதும் பெரச்சினையா?" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். "இல்லங்க நானா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பானட்டைத் திறந்தேன். மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. நாலு கம்பு நட்டு ஒரு தறப்பாளைக் கட்டியிருந்தேன். மகள் உள் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேசை மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். நேரம் பார்த்து எழுதிப் பழகுகிறாள். போன முறை அவளிடம் இல்லாமல் போனது நேரம்தான்.

முதல் கேப்பைப் பிடித்து இழுத்தேன். மேல் பாதி கையோடு வந்தது. கீழ்ப் பாதி குழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். நான் ஊற்றிய பால் ஒரு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்து, மேலே தார் போலவும் அடியில் கல் போலவும் ஆகியிருந்தது. பிளக்கின் ஆறுமூலைத் தலை கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்பேனரை இறக்கினால் பாதி வழியில் நின்றது. பிளக்கைக் கழற்றுவதற்கு முதல் அந்தக் குழியை நான் தோண்ட வேண்டும்.

சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துக் கிளறினேன். நகத்தளவு நகத்தளவாக வந்தது. மண்ணெண்ணெய் விட்டால் இளகும் என்று நினைத்து நாலு குழிகளிலும் விட்டேன். அது இன்னொரு மடத்தனம். ரப்பர் மண்ணெண்ணெயைக் குடித்து ஊதியது. அரை மணித்தியாலத்தில் குழிகள் நிறைய ஜெலி போலப் பொங்கி நின்றது. இருபது வருடம் ரப்பரோடு வேலை செய்கிறவன் நான். எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

"அப்பா, சரியாப் போச்சா?" ஜன்னலிலிருந்து மகளின் குரல்.

"ஆகிருச்சு, ஆகிருச்சு. நீ படி."

சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் மறுபடியும் கம்பியை எடுத்துக் கிளறினேன்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை என்னிடம் நீட்டியவள் அப்படியே குனிந்து குழியைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். நசித்து மூக்கருகே கொண்டுபோனாள். பால் வெட்டுகிறவளிடம் எதை மறைக்க முடியும்?

"என்னங்க இது? ஒட்டுப்பாலு."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"நீங்களா ஊத்தினீங்க?"

தலையை ஆட்டினேன்.

"இத ஒங்க வாயில ஊத்தியிருக்கணும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஜன்னலுக்குக் கேட்காமல். "எப்பிடியும் அது தொறக்கிறதே இல்ல."

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காலையில் மரத்தை வெட்டுவதற்கு முன், முதல்நாள் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது அவளுடைய தினசரி வேலை. ஒரு முனையைக் கிள்ளிப் பிடித்தால் அறுபடாமல் நாடா போல இழுத்துவிடுவாள். அதே போல இங்கேயும் கொண்டை ஊசியால் ஒரு முனையை நெம்பி, சுற்றி, இழுத்தாள். முதல் குழியிலிருந்து கறுப்பு நாடா ஒன்று நீளமாக வந்தது. நான் இரண்டு மணித்தியாலம் கிளறியதை அவள் கால் மணித்தியாலத்தில் எடுத்தாள்.

"மரத்துல இருந்தா இதுக்கும் கிலோக் கணக்குப் போட்டிருப்பாங்க" என்றாள். சிரிக்கவில்லை.

முதல் பிளக்கில் ஸ்பேனர் உட்கார்ந்தது. நானா சொன்னபடி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினேன். கதவு போலக் கிரீச்சிட்டுக் கழன்றது. நுனியெல்லாம் கரி. இரண்டாவதும் அப்படியே வந்தது. புதுப் பிளக் இரண்டைக் கையாலேயே திருகி உட்கார வைத்தபோது, நாளைக்குப் போய்விடலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

மூன்றாவது குழியில்தான் ஆகக் கூடுதலான பால் இறங்கியிருந்தது. எவ்வளவு எடுத்தும் அடியில் ஒரு வளையம் கல்லாக ஒட்டியிருந்தது. மனைவி இரவுச் சமையலுக்குப் போய்விட்டாள். மணி நாலாகியிருந்தது. ஸ்பேனர் முழுதாக இறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஆட்டினேன், அசையவில்லை. எண்ணெய் விட்டேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து, அந்த வளையத்தைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும்.

நான் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து ஸ்பேனரின் பிடியில் செருகி, நீளத்தைக் கூட்டி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன்.

டக் என்று ஒரு சத்தம்.

கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்பேனரை மேலே எடுத்தபோது அதற்குள்ளிருந்து பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்து மட்டும் கையில் விழுந்தது. மிச்சம் உள்ளேயே இருந்தது. ஆறுமூலைத் தலையின் மூலைகள் மழுங்கி வட்டமாகியிருந்தன. இனி எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது.

மனது ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்றிலும் ஓடாதா என்று, கிழிந்த கேப்புகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி மாட்டி, சாவியைத் திருப்பினேன். கார் முழுவதும் காய்ச்சல்காரன் போல உதறியது. இரண்டு முறை வெடித்தது. நின்றது. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும். பேட்டரி களைத்து, கடைசியில் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருடம் மழை செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வருடம் யாரைச் சொல்வது? என் பிள்ளையின் ஒரே பாடத்தை இரண்டு முறையும் கெடுத்தவன் நான். இரண்டாவது முறை என் கையாலேயே.

எங்கள் லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில், என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு மச்சான் முறை. கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். ஆட்டோ கேட்கலாம் என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை. வந்தது, வெள்ளிக்கிழமையே வந்தது. அவர் முன்னால் போய் நின்று, கார் ஓடாது என்று சொல்வதை நினைத்துத்தான் மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

படிகளில் இறங்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு விடியக்காலை மகளுக்குப் பரீட்சை, ஆட்டோ வேணும். அவ்வளவுதான். நாலைந்து முறை சொன்னேன்.

மச்சான் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"வாங்க மச்சான். என்ன, மூஞ்சியெல்லாம் கரி? கார ஓட்டினீங்களா, இல்ல கார் ஒங்கள ஓட்டிச்சா?"

"மழை விடாது போலிருக்கு" என்றேன்.

"விடாதுதான்."

"தறப்பாளும் ஒழுகுது."

"ஒழுகும்தான்." துணியைப் பிழிந்தார். "மழையப் பத்திப் பேசவா இந்த மழையில வந்தீங்க?"

பழகி வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், "மச்சான், நாளைக்கு ஆட்டோ வேணும். புள்ளைக்குச் சோதனை. கார் இல்ல. நான் ஒடைச்சிட்டேன்" என்று எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்காவது."

"ஆறு மணிக்கு எனக்கு ஒரு ஹயர் இருக்கே மச்சான். ஒரு மாசத்துக்கு முந்தியே சொல்லி வச்சது. மாத்த ஏலாது."

பக்கத்து ஊரான புளத்கொகுபிட்டியவில் யாரையாவது தேடிப் போகலாமா, நடந்தே போனால் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், இரண்டு மணிக்கா, மூன்று மணிக்கா என்று மனது எங்கெங்கோ ஓடியது.

"யாருக்கு ஹயர்னு கேக்க மாட்டீங்களா?" என்றார்.

நான் பார்த்தேன்.

"ஒங்க மகளுக்குத்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"வந்து சொல்லிச்சு. 'மாமா, சோதனை அன்னைக்கு ஆறு மணிக்கு ரோட்டு வளைவுல வந்து நில்லுங்க. அப்பா கார் கீழ போறதக் கண்டா நீங்க திரும்பிப் போயிருங்க. காணாட்டி மேல வாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்ல வாணாம்'னு." துணியை ஆட்டோவின் கம்பியில் போட்டார். "சும்மா வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறதுக்கு ஹயர் பேசின ஆள நான் இப்பத்தான் மச்சான் கண்டிருக்கேன்."

மச்சான் வாளியிலிருந்த மிச்சத் தண்ணீரை என் கையில் ஊற்றி, சவர்க்காரத்தை நீட்டினார். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறுப்புப் போகவில்லை.

திரும்பி ஏறும்போது, ஒரு பக்கம் நெஞ்சிலிருந்த பாறை இறங்கியிருந்தது. இன்னொரு பக்கம் அவள் ஒரு மாதத்துக்கு முன்பே, காரில் ஒரு கோளாறும் தெரியாத காலத்திலேயே, நான் தவறுவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள் என்பது குத்தியது. அந்தக் கணக்கில் பிழை இருக்கவில்லை என்பது அதைவிடக் குத்தியது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன்.

"சரியாப் போச்சா அப்பா?"

"இல்ல. மூணாவது பிளக் ஒடைஞ்சிருச்சு. கார் போகாது." பீங்கான் துண்டைக் காட்டினேன். "நான்தான். போன வருஷம் தண்ணி போகக்கூடாதுன்னு ரப்பர் பால் ஊத்தினேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"தெரியும் அப்பா. பானட்டத் தொறந்தாலே ஸ்டோர் நாத்தம் அடிக்குதே."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நான் அந்தப் பீங்கானைச் சட்டைப்பையில் போட்டேன். பிறகு அவள் மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு" என்று தாளைத் திருப்பினாள்.

காலையிலும் மழை. காரின் சில்லுக்கு வைக்கவென்று மனைவி மூன்று நாளுக்கு முன்பே எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தாள். அதை ஆட்டோவின் முன் சில்லுக்குக் கீழே வைத்தாள்.

"இது காருக்கு வாங்கின பழமாச்சே தங்கச்சி, வேல செய்யுமா?" என்றார் மச்சான்.

"ஓடுற வண்டிக்குத்தான் அது வேல செய்யும்" என்றாள் என் மனைவி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நான் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மகள் மட்டும் உள்ளே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ஏறிக்கொண்டேன். ஆட்டோவின் பக்கத் திரை கொழுவும் கொக்கி அறுந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மழை வரும் பக்கம் நான் உட்கார்ந்து, திரையின் ஓரத்தை உள்ளே இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மடியில் பேனாக்களும், கொம்பாஸ் பெட்டியும், அனுமதி அட்டையும் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தன. போன வருடம் நின்ற வளைவு வந்தது. ஆட்டோ நிற்கவில்லை. மச்சான் அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வழியெல்லாம் அவள் உதடுகள் ஏதோ சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே வந்தன. என் கை மரத்துப்போனது. விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக் கேட்டே திறந்திருக்கவில்லை. எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அவள் சீருடையின் மடிப்பில் ஒரு ஈரப்பொட்டுக்கூட இல்லை. என் வலது தோள்தான் முழுவதும் நனைந்திருந்தது.

"மணி என்ன அப்பா?"

"ஏழாக அஞ்சு நிமிசம்."

"அப்ப நெறைய நேரம் இருக்கு" என்று சொல்லி, அவள் தேத்தண்ணி கேட்டாள். நான் கடைக்காரரிடம் போய், மனதுக்குள் சொல்லிப் பார்க்காமலே, இரண்டு தேத்தண்ணி கேட்டேன்.